எங்கள் மனு எந்தக் கதவைத் தட்டுவது?

(கிராம வட்டங்களில் கூடியிருந்து வாசிப்பதற்கான பாடம்)

வன்னியில் ஒரு கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு அண்மையில் போயிருந்தேன். முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். அரைவாசிக்கு மேல் பெண்கள். எல்லோரும் கடைசி யுத்தத்தில் ஊரை விட்டு எழும்பியவர்கள். பின்னர் மீள்குடியேற்றம் என்று சொல்லி, சொந்த ஊருக்கு இரண்டு கட்டை தள்ளி இருத்தப்பட்டவர்கள். இருக்க வீடு உண்டு, விதைக்க வயல் இல்லை. ஆட்கள் இல்லாமல் கிடந்த வயலில் காடு எழும்பிவிட்டது. காடு எழும்பிய இடத்தில் ஒரு திணைக்களம் எல்லைக்கல் நாட்டிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய சிறுகுளத்தின் கட்டு இரண்டு இடத்தில் உடைந்து கிடக்கிறது.

செயலாளர் ஒரு தடித்த கோவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பல வருடங்களாக அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். ஜனாதிபதிக்கு, பிரதமருக்கு, ஆளுநருக்கு, ஆயருக்கு, தூதரகங்களுக்கு என்று எழுதாத இடமில்லை. வந்த பதில்கள் மிகச் சில. அவையும் “உங்கள் கடிதம் கிடைத்தது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது” என்ற வகையானவை.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: “ஐயா, எங்கட எம்.பி. பாராளுமன்றத்தில எங்கட வயலைப் பற்றி இரண்டு தரம் பேசினவர். ரீவியிலயும் பாத்தனாங்கள். பிறகேன் ஒண்டும் நடக்கேல்லை?”

இந்தப் பாடம் அந்த அம்மாவின் கேள்விக்கான பதில்தான். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. ஆகையால் ஆறுதலாக எழுதுகிறேன்.

“எங்கட எம்.பி.” என்பவர் யார்?

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முன்பு ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர்தான். காங்கேசன்துறை என்றால் செல்வநாயகம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். 1977ஆம் ஆண்டுத் தேர்தலோடு அந்த முறை முடிந்தது. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989இல் முதல் தடவையாக அந்த முறையில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. பழைய தொகுதிகளின் பெயர்கள் இன்று வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டுமே இருக்கின்றன. நாங்கள் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி போட்டு, அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கிறோம். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே உறுப்பினர்கள் தெரிவாகிறார்கள்.

பாராளுமன்றத்தில் 225 பேர். அவர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். 29 பேர் தேசியப்பட்டியலில் வருகிறார்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். 2024 நவம்பர் தேர்தலில் இரண்டுக்கும் ஆறு ஆறு உறுப்பினர்கள்.

எனவே வன்னி வாக்காளர் ஒருவருக்கு “எங்கட எம்.பி.” ஒருவர் அல்ல, ஆறு பேர். நீங்கள் வாக்குப் போட்டவரும் உங்கள் பிரதிநிதி, போடாதவரும் உங்கள் பிரதிநிதி. ஆளும் கட்சிக்காரரும் அப்படியே, எதிர்க்கட்சிக்காரரும் அப்படியே. “அவர் எங்கட ஆளில்லை” என்று சொல்லி நாங்களே ஐந்து கதவுகளைப் பூட்டிவிடுகிறோம். நான் பார்த்த கோவையில் ஒரே ஒரு உறுப்பினருக்கு எழுதிய கடிதங்கள் மட்டுமே இருந்தன. மற்ற ஐந்து பேருக்கும் அந்த வயல் பற்றி யாரும் சொல்லவேயில்லை.

இந்த ஆறு என்ற எண்ணிக்கை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 196 ஆசனங்களில் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு என்று பகிரப்படுகின்றன. மிச்சம் 160 ஆசனங்களும் வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களின் தொகையைப் பொறுத்துப் பிரிக்கப்படுகின்றன. சனத்தொகையை அல்ல, இடாப்பில் உள்ள பெயர்களைத்தான் எண்ணுகிறார்கள். 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஒன்பது உறுப்பினர்கள் தெரிவானார்கள். 2015இலும் 2020இலும் ஏழு பேர். 2024இல் இடாப்பில் ஆறு இலட்சத்துக்கும் குறைவான பெயர்கள். உறுப்பினர் ஆறு பேர். செத்தவர்கள், வெளிநாடு போனவர்கள், வேறு மாவட்டத்தில் பதிந்தவர்கள் எல்லோருடைய பெயரும் கழிந்தால் ஆசனமும் கழியும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காணி ஒரு மாவட்டத்தில், வாக்கு இன்னொரு மாவட்டத்தில். முல்லைத்தீவில் வயலை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாண இடாப்பில் பதிந்திருப்பார். முல்லைத்தீவுக் கச்சேரிக் கூட்டத்தில் உட்காருகிற உறுப்பினர்களுக்கு அவர் வாக்காளர் அல்ல. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் நீண்டகாலம் இருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தமது பழைய இடத்தில் வாக்காளராகப் பதிய வழிசெய்து 2013இல் 27ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டதும் இதனால்தான். எந்த இடத்தில் பதிவது என்று குடும்பமாக யோசித்து முடிவெடுங்கள். ஆனால் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் இடாப்புத் திருத்தப்படும் காலத்தில் கிராம அலுவலரிடம் போய் உங்கள் பெயரையும் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரிய மண்டபமும் சிறிய அறைகளும்

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பாராளுமன்ற மண்டபத்தில் ஒரு உறுப்பினர் பேசினால் அது ஹன்சாட்டில் பதிவாகும். அதற்கு ஒரு பெறுமதி உண்டு. பிற்காலத்தில் சாட்சியாக நிற்கும். ஆனால் அந்தப் பேச்சுக்கு அந்த நேரத்தில் எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர் சபையில் இருந்தால் இருப்பார், இல்லாவிட்டால் இல்லை. உங்கள் வயலில் கல் நாட்டிய திணைக்களத்தின் தலைவரும், கல் எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடமும் ஒரே மேசைக்கு வருவது பெரிய மண்டபத்தில் அல்ல. அது குழு அறைகளில் நடக்கிறது.

குழுக்கள் பல வகை. அமைச்சுசார் ஆலோசனைக் குழு என்பது ஒவ்வொரு அமைச்சுக்கும் உரியது. அமைச்சரே அதற்குத் தலைவர். பல கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்கள் அதில் இருப்பார்கள். அமைச்சின் செயலாளரும் திணைக்களத் தலைவர்களும் வந்திருப்பார்கள். ஒரு ஊரின் குளம், ஒரு பாதை, ஒரு காணித்துண்டு போன்ற விடயங்களை எழுத்தில் கொடுத்துக் கேட்பதற்கு ஏற்ற இடம் இதுதான். கமரா முன்னால் இல்லாதபடியால் இங்கே கட்சிச் சண்டையும் குறைவு.

துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் 2015இன் பின்னர் வந்தவை. இவற்றுக்கு அமைச்சர்கள் தலைமை தாங்குவதில்லை. கொள்கை, சட்டமூலம், திணைக்களங்களின் வேலை ஆகியவற்றை ஆராய்வதும் அதிகாரிகளை அழைத்து விசாரிப்பதும் இவற்றின் பணி. ஒரு ஊரின் பிரச்சினையை விட, “யுத்தத்தால் கைவிடப்பட்ட வயல்களில் எழும்பிய பற்றைக்காட்டை என்ன செய்வது?” என்பது போன்ற, பல ஊர்களுக்கும் பொதுவான கேள்வியை இங்கே கொண்டுபோகலாம்.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் கோப் குழுவும் கோபா குழுவும் வேறு வகை. கோப் 1979இல் அமைக்கப்பட்டது. அரச கூட்டுத்தாபனங்கள், சபைகள் பணத்தை எப்படிச் செலவழித்தன என்று பார்க்கிறது. கோபா அமைச்சுகளினதும் திணைக்களங்களினதும் கணக்குகளைப் பார்க்கிறது. உங்கள் குளத்துக்கென்று பணம் ஒதுக்கி, வேலை நடக்காமல் பணம் மட்டும் போயிருந்தால் அது இவர்களுக்குரிய விடயம். பணமே ஒதுக்கப்படவில்லையென்றால் அங்கே போய்ப் பயனில்லை.

நான் பார்த்த ஊரின் பிரச்சினை ஒன்றல்ல, இரண்டு என்பதை இப்போது கவனியுங்கள். ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர்பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. எல்லைக்கல் வேறொரு அமைச்சின் கீழ் வருவது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி ஜனாதிபதிக்கு அனுப்பினால் அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாக நடந்து களைத்துப்போகும். குளத்துக்கு ஒரு கடிதம், கல்லுக்கு ஒரு கடிதம் என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். பிறகு ஆறு உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டியது: “ஐயா, விவசாய அமைச்சின் ஆலோசனைக் குழுவில நீங்கள் இருக்கிறீங்களோ? இல்லையெண்டால் எங்கட மாவட்டத்தில ஆர் இருக்கினம்?” இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் நீங்கள் விடயம் தெரிந்தவர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

பல கதவுகளை ஒரே நேரத்தில் தட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு 2025இல் ஒரு நல்ல உதாரணம் கண்டோம். அந்த வருடம் மார்ச் 28ஆம் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும் என்றும், இல்லையென்றால் அவை அரச காணியாகலாம் என்றும் பொருள்பட்டது. உறுதியை பங்கருக்குள் வைத்து இழந்தவர்களும், தகப்பன் பெயரில் காணி இருக்கப் பிள்ளைகள் கடல் கடந்து போனவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்ய முடியும்? பலர் அறிவித்தல் வந்ததையே அறியவில்லை. வடக்கின் உறுப்பினர்கள் சபையில் பேசினார்கள். பாராளுமன்றக் கட்டடத்தில் பிரதமரோடு ஒரே மேசையில் இருந்தும் பேசினார்கள். நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. யூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. ஒரு பேச்சினால் மட்டும் இது நடந்ததென்று சொல்ல மாட்டேன். வழக்கினால் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

பொதுமனு: ஐந்து சகோதரிகளின் வழி

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை உங்கள் வட்டத்தில் யாராவது வாசிக்கட்டும். செலொப்பியாத் என்பவர் ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் இறந்துபோனார். அவருடைய ஐந்து குமாரத்திகளும் எங்கள் தகப்பனுக்குரிய காணி எங்களுக்கு வர வேண்டும் என்று கேட்க வந்தார்கள். அவர்கள் கூடாரத்துக்குள் இருந்து புலம்பவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், மோசேயும் ஆசாரியனும் பிரபுக்களும் சபையாரும் கூடியிருக்கும் நேரம் பார்த்து வந்து நின்றார்கள். மோசேக்கு உடனே பதில் தெரியவில்லை, ஆண்டவரிடம் கொண்டுபோனார். சட்டமே மாறியது. அந்த ஐந்து பெண்களின் பெயர்களும் வேதத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. (36ஆம் அதிகாரத்தையும் மறவாமல் வாசியுங்கள். உறவுக்கார ஆண்கள் திரும்பி வந்து அந்தத் தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை சேர்ப்பித்தார்கள். கிடைத்த தீர்ப்பைப் பிறகும் காவல் காக்க வேண்டியிருப்பது அன்றைக்கும் இருந்தது.)

எங்கள் பாராளுமன்றத்திலும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. பொதுமனுக்கள் பற்றிய குழு என்பது அதன் பெயர். அரச அதிகாரி அல்லது அரச நிறுவனம் ஒன்றினால் அநீதி நேர்ந்தது என்று கருதும் எவரும் பாராளுமன்றத்துக்கு மனு எழுதலாம். தமிழில் எழுதலாம். ஆனால் அதை நேரே தபாலில் போட முடியாது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கையொப்பமிட்டுச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். எந்த உறுப்பினரும் செய்யலாம், உங்கள் மாவட்டத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குழு எடுத்துக்கொண்டால், மனுதாரரையும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளையும் கோட்டைக்கு, அதாவது ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்கு, அழைத்து விசாரிக்கும். அதிகாரி அமரும் மேசையிலேயே நீங்களும் அமர்ந்து சொல்லலாம். மாதக்கணக்காகும், பஸ் காசும் இரண்டு நாட் கூலியும் போகும். குழு செய்வது சிபாரிசு, நீதிமன்றத் தீர்ப்பல்ல. வழக்கில் இருக்கும் விடயத்தைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள்.

உறுப்பினரைத் தேடி அலைய முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், ஒம்புட்ஸ்மன் என்று சொல்லப்படுபவர், 1981இன் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறார். முன்பு அவரிடமும் உறுப்பினர் மூலமாகத்தான் போக வேண்டியிருந்தது. 1994இல் சட்டம் திருத்தப்பட்டபின் பொதுமக்கள் நேரடியாகவே எழுதலாம்.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னார்: ஒரு பக்கத்துக்கு மேல் போனால் இரண்டாம் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. யார் நீங்கள், எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், என்ன ஆவணம் கையில் உண்டு, எந்தத் திகதியில் என்ன நடந்தது, இதுவரை யாரிடம் போனீர்கள், என்ன செய்து தர வேண்டும். இவ்வளவுதான். இடப்பெயர்வின் முழுச் சோகத்தையும் எழுதத் தோன்றும். எழுதினால் பிழையில்லை, ஆனால் அதை வேறு தாளில் எழுதி இணையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.

கச்சேரியில் நடக்கும் கூட்டம்

கொழும்பு தூரம். கிட்ட இருப்பது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. ஜனாதிபதியால் நியமிக்கப்படும் தலைவரின் கீழ் மாவட்டச் செயலகத்தில் கூடும். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர்கள், திணைக்களத் தலைவர்கள் எல்லோரும் இருப்பார்கள். சில வேளை பாதுகாப்புத் தரப்பினரும் வருவார்கள். வயலும் குளமும் பாதையும் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் ஒரே அறையில் அகப்படுவது இங்கேதான். இதற்கு முன்பாகப் பிரதேச மட்டத்திலும் ஒருங்கிணைப்புக் குழு கூடும். விடயம் பொதுவாக அங்கிருந்துதான் மேலே வரும்.

இதில் ஒரு குறை உண்டு. நிகழ்ச்சிநிரலில் இல்லாத விடயம் கூச்சலாகத்தான் வரும். கூச்சல் யூரியூப்பில் ஓடும், கூட்டக் குறிப்பில் ஒரு வரியும் இராது. எனவே கூட்டத்துக்கு முன்னரே பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பிக்க வேண்டும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் என்ன தீர்மானித்தார்கள் என்று கேட்க வேண்டும். சொல்ல மறுத்தால், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கூட்டக் குறிப்பின் பிரதியைக் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் சொன்ன ஊரில் இப்படிக் கேட்டபோதுதான், அவர்களுடைய குளம் இரண்டு வருடத்துக்கு முன்னரே ஒரு கூட்டத்தில் பேசப்பட்டு, “கமக்காரர் அமைப்பின் கோரிக்கைக் கடிதம் கிடைத்தபின் மதிப்பீடு தயாரிக்கப்படும்” என்று எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தக் கடிதத்தை யாரும் கேட்கவுமில்லை, இவர்கள் கொடுக்கவுமில்லை.

மாகாண சபை பற்றியும் ஒரு வார்த்தை. வட மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் போனது. அந்த மட்டத்தில் எங்களுக்காகக் கேள்வி கேட்கும் குழுக்களும் அதனோடு போயின. பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்தது. அங்கே மட்டும் இன்னும் “எங்கட வட்டார உறுப்பினர்” என்று ஒருவரைக் காட்டலாம். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்க இடமளிக்கிறது. இதை எத்தனை சபைகள் செய்கின்றன என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றியங்கள்

பாராளுமன்றத்தில் குழு அல்லாத ஒன்றியங்களும் உண்டு. கட்சி பேதமின்றி ஒரு விடயத்துக்காகச் சேரும் உறுப்பினர்களின் கூட்டு அது. எவரையும் அழைத்து விசாரிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஆளும் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் அங்கே ஒன்றாகப் பேசலாம். பெண் பாராளுமன்ற உறுப்பினர்களின் ஒன்றியம் 2006இல் தொடங்கியது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊர்களுக்கு இது ஒரு கூடுதல் கதவு.

அது ஏன் தேவை என்பதற்கு அனுமதிப்பத்திரக் காணியே சாட்சி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளரை நியமிக்காமல் காணிக்காரர் இறந்தால், வாழ்க்கைத்துணைக்குப் பின் ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை. குடியேற்றத் திட்டங்களில் மண்ணை வெட்டித் திருத்திய எத்தனையோ மகள்மார் இதனால் வெறுங்கையோடு போனார்கள். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. 87 வருடம் சென்றது. அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் இன்னும் பின்னுரித்தாளரை நியமிக்கவில்லையென்றால் இந்தப் பருவ விதைப்புக்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போய் அதைச் செய்துவிடுங்கள்.

வட்டத்தில் கூடிப் பேசுவதற்கு

உங்கள் தேர்தல் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களின் பெயரையும் சொல்ல முடிகிறதா? சொல்ல முடியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டு ஒரு மட்டையில் எழுதி மண்டபத்தில் மாட்டுங்கள். ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று அறிந்து பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் ஊரின் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அது எந்த அமைச்சுக்கு, எந்தத் திணைக்களத்துக்கு உரியது என்று பிரித்துப் பாருங்கள். வீட்டில் யாருடைய பெயர் இடாப்பில் இல்லை? கடைசியாக நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் உங்கள் ஊரின் பெயர் வந்ததா, யாருக்குத் தெரியும்? ஒரு பக்க மனுவை அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு பேர் எழுதிக்கொண்டு வரட்டும்; அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அதை எல்லோருக்கும் உரத்து வாசித்து, விளங்காத வரியை வெட்டுங்கள்.